இன்ஜெக்டரை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும்

கோயம்புத்தூரிலிருந்து அவிநாசியை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஜெபமாலை அன்னை ஆலயத்தின் பழம்பெருமையாலும் சுற்றுவட்டாரத்து விசைத்தறிகளின் ஓயாத ஓசையாலும் அறியப்பட்ட கருமத்தம்பட்டி என்னும் ஊரில், சாலையோரத்து மோட்டார் பட்டறைகளின் வேலை எவ்வளவு தூரம் மாறிவிட்டதென்பதை அறிய விரும்புபவர், அங்கே கிரீஸ் படிந்த மேஜைமேல் ஸ்பானருக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் மடிக்கணினியைப் பார்த்தாலே போதும். "வண்டி இழுக்க மாட்டேங்குதுங்க, பெரிய இன்ஜெக்டராப் போட்டுடலாமுங்களா?" என்று கேட்டு வரும் இளைஞருக்கு, விஷயம் தெரிந்த மெக்கானிக் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "போடறது பெரிய வேலை இல்லீங்க தம்பி, ஈ.சி.எம்.முக்குப் புரிய வைக்கறதுதானுங்க பாடு." எஞ்சினை ஆளும் கணினியான ஈ.சி.எம்.முக்குப் புரிய வைக்கும் அந்தப் பாடு இன்னதென்று சாதாரண வாசகருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்புரேட்டர் இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவே பெட்ரோலைச் சிறு துளையின் வழியாக மேலே இழுத்துக் காற்றோடு கலந்துவிடுகிறது. ஜெட் என்று சொல்லப்படும் அந்தத் துளையின் அளவை மாற்றி, ஒரு திருகைச் சிறிது திருப்பி, எஞ்சினின் சப்தத்தைக் காதால் கேட்டே கலவையைச் சரிசெய்த நிபுணர்கள் கொங்கு நாட்டில் ஏராளமாக இருந்தனர். 1967-ஆம் வருஷத்தில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் கார்களுக்கென்று மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் சாதனத்தை வெளியிட்டது. நம் நாட்டிலோ, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகி, 2000-ஆம் ஆண்டையொட்டி மாருதி 800 போன்ற எளிய வண்டிகளிலும் அது புகுந்த பிறகுதான், காதின் ஸ்தானத்தை எண்கள் கைப்பற்றிக்கொண்டன.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு நுண்ணிய வால்வு. அதன் பின்னே பம்ப்பானது பெட்ரோலை ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஈ.சி.எம். மின்சாரம் கொடுக்கும் நேரம்வரை வால்வு திறந்திருந்து, பெட்ரோல் மென்தூறலாய்ப் பாய்கிறது. இதில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய சூக்ஷ்மம் ஒன்றுண்டு: பாய்ந்த பெட்ரோல் எவ்வளவு என்பதை ஈ.சி.எம். நேராக அளப்பதே இல்லை. அது எண்ணுவது நேரத்தை மட்டுமே. முறைத் தண்ணீர் பாய்ச்சும் குடியானவர் இன்ன நாழிகைக்கு இன்ன வயல் நிறையும் என்று கடிகாரத்தை மட்டும் பார்த்து மடையைத் திறந்து அடைத்துக்கொண்டிருக்க, அவருக்குச் சொல்லாமல் ஒருவர் அந்த மடையை இரட்டிப்பு அகலமாக்கிவிட்டால் பயிர் என்னவாகுமோ, அதுவேதான் பெரிய இன்ஜெக்டரை மாட்டிவிட்டுக் கணக்கை மாற்றாமல் விடும் எஞ்சினுக்கும் நேரும். கரும்புகை எழும்; ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும்; மிகுதியான பெட்ரோல் சிலிண்டர் சுவர்களைக் கழுவிக்கொண்டு இறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும்; புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடேறிப் பாழாகும்.

அப்படியானால் இன்ஜெக்டர் இரட்டிப்பானால் நேரத்தைப் பாதியாக்கினால் போயிற்று என்று தோன்றுவது இயற்கையே. இந்த எளிய கணக்கில்தான் பலர் இடறுகிறார்கள். மின்சாரம் வந்த அந்தக் கணமே வால்வு திறந்துவிடுவதில்லை. காந்தச் சுருள் வலுப்பெற்று ஊசியைத் தூக்குவதற்குச் சுமார் ஒரு மில்லி விநாடி வீணாகிறது. டெட் டைம் என்று தொழிலில் சொல்லப்படும் இந்த வெற்று நேரத்தில் பெட்ரோல் பாய்வதில்லை. உதாரணமாக, நிமிடத்துக்கு 200 சி.சி. பாயும் பழைய இன்ஜெக்டருக்கு, வண்டி நின்றபடியே எஞ்சின் ஓடும் ஐடிலிங்கில் 3 மில்லி விநாடி மின்சாரம் கொடுக்கப்படுவதாகக் கொள்வோம். அதில் 1 வெற்று நேரம் போக, மெய்யாகப் பெட்ரோல் பாய்ந்தது 2 மில்லி விநாடி. இப்போது 400 சி.சி. இன்ஜெக்டரைப் பொருத்தினால், மெய்யாகப் பாய வேண்டியது 1 மில்லி விநாடி. வெற்று நேரத்தையும் கூட்டினால் 2. இதை அறியாமல் 3-ஐப் பாதியாக்கி 1.5 கொடுத்தவர், வெற்று நேரம் போக 0.5 மட்டுமே பாய்ச்சியவராகிறார். அதாவது, வேண்டிய பெட்ரோலில் சரிபாதி. பெரிய இன்ஜெக்டர் போட்ட வண்டி பெட்ரோல் போதாமல் நின்றுபோகும் விந்தைக்குக் காரணம் இதுவே.

வெற்று நேரமும் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒன்றல்ல. புதியதற்கு அது 1.3 மில்லி விநாடியாக இருக்க, ஈ.சி.எம்.மில் பதிந்துள்ள அட்டவணையில் பழைய 1 என்பதே இருந்துவிட்டால், ஐடிலிங்கில் பாய வேண்டிய 1-க்குப் பதில் 0.7 பாய்ந்து, நூற்றுக்கு 30 பங்கு குறையும். அதே பிழையோடு முழு வேகத்தில் ஓட்டினால், அங்கே பாய வேண்டிய நேரம் 7 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோமாயின், குறைவது நூற்றுக்கு 4 பங்குதான். "ரோட்டுல நல்லாப் போகுதுங்க, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுதுங்க" என்ற முறையீட்டைக் கேட்டதும் தேர்ந்தவர் முதலில் இந்த எண்ணைத்தான் சந்தேகிக்கிறார். பாட்டரியின் வோல்ட்டேஜ் குறையக் குறைய வெற்று நேரம் நீளுமாதலால், வோல்ட்டேஜ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அதைப் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால், இரவில் ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்ட மாத்திரத்தில் எஞ்சின் குலுங்கும். அழுத்தத்தின் விதியும் நேர்விகிதமன்று. பாய்ச்சலை இருமடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது பௌதிகம். ஆகவே, இன்ன அழுத்தத்தில் இவ்வளவு சி.சி. என்று சோதித்துக் கொடுத்த விவரத்தாள் இல்லாமல் இன்ஜெக்டரை விலைக்கு வாங்குவது, என் அபிப்பிராயத்தில், பாதிப் பொருளை முழுவிலைக்கு வாங்குவதாகும்.

புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறதே, அது பிழையைக் கண்டு திருத்திக்கொள்ளாதா என்று கேட்கலாம். திருத்தும், ஆனால் எல்லைக்குட்பட்டே திருத்தும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைப்படி 14.7 பங்கு காற்று என்னும் பிரமாணத்தைச் சுற்றி, ஈ.சி.எம். தன் கணக்கில் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் திருத்தத்துக்கு ஃபியூயல் டிரிம் என்று பெயர். பல வண்டிகளில் அது நூற்றுக்கு 25 பங்கையொட்டி எல்லை கட்டிக்கொண்டு, அதற்குமேல் எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போதோ, பெரும்பாலான வண்டிகள் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டு அட்டவணையையே நம்பி ஓடுகின்றன. அவ்வேளையில் கலவை 12.5-க்கும் 13-க்கும் இடையே செழுமையாக இருப்பதே எஞ்சினுக்குப் பாதுகாப்பு. அங்கே பெட்ரோல் குறைந்தால், கலவை முறைதவறி வெடிக்கும் நாக்கிங் உண்டாகிப் பிஸ்டனே உருகித் துளைபடக்கூடும்.

காற்றை அளக்கும் சென்சாரின் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிப் பெட்ரோலைக் குறைக்கும் குறுக்குவழி ஒன்றும் உண்டு. அதில் வரும் ஆபத்து மறைவானது. காற்று குறைவென்று நம்பும் ஈ.சி.எம்., எஞ்சினுக்குச் சுமை குறைவென்றும் எண்ணி, தீப்பொறியை உரிய காலத்துக்கு முன்பே விட்டுவிடும். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்களே, அது இங்கே முற்றிலும் பொருந்தும்.

எனவே முறையான டியூனிங் என்பது முதலில் இன்ஜெக்டரைப் பற்றிய உண்மையை ஈ.சி.எம்.முக்கு அறிவிப்பது, பிறகு கலவையின் விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தி, சுழற்சி வேகம் ஒரு பக்கமும் சுமை மறுபக்கமுமாக விரிந்த அட்டவணையின் கட்டங்களில் வண்டியை, நின்ற இடத்திலேயே சக்கரங்களை ஓடவிடும் டைனோ உருளைமேல் நிறுத்தி ஓட்டி, கேட்ட கலவைக்கும் கிடைத்த கலவைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீர்செய்வது. நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் இரண்டு சுற்றுக்குக் கிடைக்கும் அவகாசம் 20 மில்லி விநாடியே. அதில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் இன்ஜெக்டர் திறந்திருக்க நேர்ந்தால்தான் பெரியதற்கு மெய்யான அவசியம் உண்டு. டர்போ பூட்டப்படாத சாதாரண வண்டியில் அந்த அவசியம் வருவது அபூர்வம்.

இந்த வித்தைக்கு உரிய இடம் பந்தயத் தடம்தான். அதற்குக் கோவைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, செல்வந்தர் அல்லாதவரும் பந்தயத்துக்கு வரலாமென்று காட்டிய கோவைக்காரர் கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். 2005-ல் பார்முலா 1 பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் பந்தய வாழ்வை அத்தகைய காரில்தான் தொடங்கினார். கரிவரதன் பெயர் தாங்கிச் செட்டிபாளையத்தில் அமைந்திருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடைபெறும் பார்முலா பாரத் போட்டிக்கு, நாடெங்குமிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த கார்களோடு வருகிறார்கள். எஞ்சின் 710 சி.சி.க்கு மேற்படலாகாது, உள்ளே போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளையின் வழியாகத்தான் போக வேண்டும் என்பவை பெட்ரோல் கார்களுக்கான விதிகள். கே.டி.எம். 390 மோட்டார் சைக்கிளின் 373 சி.சி. எஞ்சினைப் பல அணிகள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தத் துளை காற்றின் கணக்கையே மாற்றிவிடுவதால், கம்பெனி கொடுத்த ஈ.சி.எம். பயன்படாமல் போய், மாணவர்கள் வேறொன்றைப் பொருத்தி அட்டவணையை முதலிலிருந்து தாங்களே எழுதுகிறார்கள். அதே கோவையில் பாஷ் நிறுவனத்தின் மென்பொருள் நிலையமும் இருக்கிறது என்பதை எண்ணினால், இந்த மாணவர்களின் உழைப்பு வீண்போகாதென்று நம்பலாம்.

பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு நான் இதைச் சிபாரிசு செய்யேன். தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அடைத்துக்கொண்டதனால் மாற்ற வேண்டிவந்த இன்ஜெக்டர்களோ வேறு விஷயம்; ஆயினும் அங்கேயும் அளவு மாறலாகாது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த இக்காலத்துப் பெட்ரோலுக்கே, சுத்தமான பெட்ரோலைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 7, 8 பங்கு கூடுதலாகப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. ஃபியூயல் டிரிம்மின் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடும் பழைய வண்டியில், அளவு தெரியாத இன்ஜெக்டரைப் பூட்ட இடமே இல்லை. ஆகையால், பட்டறைக்குப் போகும் வாசகர்களே, பழைய இன்ஜெக்டரின் மேல் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணுள்ளதையே கேட்டு வாங்குங்கள், மாற்றுவதற்கு முன்னும் மாற்றிச் சில நாள் ஓட்டிய பின்னும் ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம்மைப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், ஈ.சி.எம்.மில் யாரேனும் கைவைப்பதாயிருந்தால், மூலக் கோப்பின் பிரதி ஒன்றைப் பெற்றுக்கொள்ளாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.