பிள்ளை கடலில், பெற்றோர் மலையடிவாரத்தில்: கடற்படைக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அதன் அடிவாரத்திலும் பாலாற்றை ஒட்டியும் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் பகுதிகளில் நம் சமுதாய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். தோல் தொழிலும் வியாபாரமும் நமக்குப் பழகியவை. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்புவதும் பழகிவிட்டது. ராணுவமும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் சென்றதையும், அவர்களில் 14 பேர் திரும்பாததையும் வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டின் கல்வெட்டு இன்றும் சொல்கிறது. கண்ணமங்கலத்துக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை மக்கள் 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள்.

ஆனால் கடற்படை வேறு விதமானது. துபாயிலும் ரியாத்திலும் வேலை செய்யும் பிள்ளை இரவானால் வீடியோ காலில் வந்துவிடுவான். கடற்படையில் இருக்கும் பிள்ளை வாரக்கணக்கில் பேசாமல் இருக்கலாம். எங்கே இருக்கிறான், எப்போது கரை சேருவான் என்பதையும் சொல்ல மாட்டான். அந்த மௌனத்தைத் தாங்கப் பழகுவதும், அந்த நாட்களில் வீட்டை ஒழுங்காக வைத்திருப்பதும்தான் குடும்பத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஏன் அழைப்பு வருவதில்லை?

கப்பல் கரையை விட்டு விலகிய சிறிது நேரத்திலேயே கைப்பேசி சிக்னல் நின்றுவிடும். அதன் பிறகு கப்பலின் தகவல் தொடர்பு வசதி பணிக்கே முதலில் பயன்படும். வீட்டுக்குப் பேசக் கிடைக்கும் வாய்ப்பு குறைவு.

நம் கடற்படைக் கப்பல்கள் நாட்டின் கரையோரத்தில் மட்டும் நிற்பதில்லை. கடற்கொள்ளையரைத் தடுக்க 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் ரோந்து செல்கின்றன. 2019 ஜூனில் ஓமன் வளைகுடாப் பகுதியில் 'ஆபரேஷன் சங்கல்ப்' தொடங்கியது. 2024 மார்ச்சில் ஐஎன்எஸ் கொல்கத்தா போர்க்கப்பல், சோமாலியக் கடற்கொள்ளையர் பிடியிலிருந்த எம்வி ரூயென் என்ற சரக்குக் கப்பலைச் சுமார் 40 மணி நேர நடவடிக்கையில் மீட்டது. கொள்ளையர் 35 பேர் சரணடைந்தனர். மாலுமிகள் 17 பேர் காயமின்றி மீண்டனர். அதுபோன்ற நேரத்தில் கப்பலில் இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் பேச முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நீர்மூழ்கிக் கப்பலில் பணி என்றால் மௌனம் இன்னும் நீளும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் மூலம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த அலைகள் கடல்நீருக்குள் ஓரளவு ஆழம் வரை ஊடுருவும் என்பதால், கப்பல் மேலே வராமலேயே உத்தரவைப் பெறலாம். ஆனால் அதே வழியில் பதில் அனுப்ப முடியாது. ஆகவே அழைப்பு வராததை ஆபத்தின் அடையாளமாக எண்ணிக் கலங்க வேண்டாம். பெரும்பாலும் அது பணி வழக்கமாக நடக்கிறது என்பதற்கே அடையாளம்.

கப்பலின் ரகசியமும் ஓர் அமானிதம்

2019 டிசம்பரில், சமூக வலைத்தளத் தொடர்புகள் வழியாகக் கப்பல் தகவல்கள் கசிந்ததாக எழுந்த வழக்கில் கடற்படையினர் சிலர் கைது செய்யப்பட்டனர். அதையடுத்து கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் கடற்படை தடை விதித்தது. இந்தச் செய்தி வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பாடம்.

கப்பலின் பெயர், புறப்படும் நாள், அடுத்த துறைமுகம், உடன் செல்பவர்களின் விவரம் ஆகியவற்றை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். "துஆ செய்யுங்கள், மகன் நாளை கிளம்புகிறான்" என்று நல்லெண்ணத்தோடு போடும் ஒரு வரியும் தகவல்தான். சீருடைப் படத்தின் பின்னணியில் கப்பலோ தளமோ தெரிந்தால் அதையும் பகிர வேண்டாம். "உங்கள் மகன் எந்தக் கப்பலில்?" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால், "கடற்படையில் இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ரகசியத்தைக் காப்பதும் அமானிதத்தைப் பேணுவதில் சேரும்.

கடலும் நம் மார்க்கமும்

கடல் பயணத்துக்கு அஞ்சுவது ஈமானில் குறை அல்ல. முஆவியா (ரலி) கடற்படை அமைக்க அனுமதி கேட்டபோது, மக்களின் உயிருக்கு அஞ்சி கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மறுத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் அனுமதித்தபோதும், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, விரும்பி வருபவர்கள் மட்டுமே செல்லலாம் என்று நிபந்தனை விதித்தார்கள். ஹிஜ்ரி 28இல் சைப்ரஸ் சென்ற அந்தப் பயணத்தில் உம்மு ஹராம் (ரலி) என்ற சஹாபிப் பெண்மணியும் இருந்தார்கள், அத்தீவிலேயே வஃபாத்தானார்கள்.

இந்தியக் கடற்படையும் நம்மவர் ஒருவரை மறக்கவில்லை. கோழிக்கோடு சாமூதிரியின் கடற்படைத் தளபதிகளாக இருந்து போர்த்துகீசியரை எதிர்த்தவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். அவர்கள் பெயரால் மும்பையில் ஐஎன்எஸ் குஞ்ஞாலி என்ற கடற்படைத் தளம் இயங்குகிறது.

தொழுகையும் நோன்பும் என்ன ஆகும் என்ற கவலை பெற்றோருக்கு இயல்பு. பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கும் சலுகை உண்டு. ஜும்ஆ அவர் மீது கடமையில்லை. ரமலான் நோன்பை வேறு நாட்களில் நோற்கலாம் என்பது அல்பகரா அத்தியாயத்தில் தெளிவாக உள்ளது. கப்பல் ஆட்டத்தில் நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம். குடிநீர் குறைவாக எடுத்துச் செல்வதால் கடல்நீரில் ஒளூ செய்யலாமா என்று கடலோடி ஒருவர் கேட்டபோது, கடல்நீர் தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்த ஹதீஸ் பிரபலமானது.

எத்தனை நாள் தங்கினால் கஸ்ர் முடியும், இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழலாமா என்பவற்றில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஆகவே பிள்ளை விடுமுறையில் வரும்போதே ஊர் ஆலிமிடம் அழைத்துச் சென்று தெளிவு பெற்றுக்கொடுங்கள். பேசக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் "தொழுதாயா?" என்று விசாரணை நடத்துவதைவிட இது பயன் தரும்.

வீட்டில் முடித்து வைக்க வேண்டியவை

அக்னிவீராகச் சேர்ந்திருந்தால் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாயில் 9,000 ரூபாய் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும்; கைக்கு வருவது 21,000. அந்த நிதிக்கு அரசும் சம பங்கு செலுத்துகிறது. 48 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும் உண்டு. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். இதை மனத்தில் வைத்து, பிள்ளையின் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடனோ திருமணக் கடனோ வாங்காமல் இருப்பது நல்லது.

பணிப் பதிவில் நெருங்கிய உறவினர் விவரம், நாமினி, நம் கைப்பேசி எண், முகவரி ஆகியவை சரியாக உள்ளனவா என்று கேட்டுச் சரிபாருங்கள். திருமணமானால் அதையும் பதியச் சொல்லுங்கள். நாமினியும் வாரிசும் ஒன்றல்ல என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பங்கீடு பற்றி ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலையும் மஹர் பாக்கியையும் எழுதி வைக்கச் சொல்வது கெட்ட சகுனம் அல்ல. வஸிய்யத்தை எழுதி வைப்பது நபிவழி.

வீட்டில் துயரம் நேர்ந்தால்

மிகக் கடினமான சோதனை இது. தாயோ தந்தையோ மரணத் தறுவாயில் இருக்கும்போது பிள்ளை நடுக்கடலில் இருக்கலாம். அவசரத்துக்குத் தகவல் தர வேண்டிய எண்ணைப் பிள்ளையிடம் முன்பே வாங்கி, வீட்டில் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். வழி தெரியாவிட்டால் வேலூர் போன்ற மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். பணியில் இருப்போரின் குடும்பங்களுக்கும் அது உதவும்.

செய்தியை அதிகாரிகள் வழியாகவே அனுப்புங்கள். அவர் தனியாக இல்லாத நேரத்தில், பக்குவமாகச் சொல்ல அவர்களால் முடியும். ஜனாஸாவுக்கு வர முடியாமல் போகலாம். அப்படியானால் "நீ வரவில்லையே" என்ற சொல் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம். பெற்றோருக்காகப் பிள்ளை கேட்கும் துஆவுக்குத் தூரம் தடையில்லை.

மகள் கடற்படையில் இருந்தால்

2023 மார்ச் 28 அன்று ஒடிசாவின் ஐஎன்எஸ் சில்காவில் பயிற்சி முடித்த கடற்படையின் முதல் அக்னிவீர் அணியில் ஏறக்குறைய 2,600 பேர் இருந்தனர். அவர்களில் 270க்கும் மேற்பட்டோர் பெண்கள். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கேரளத்தின் தில்னாவுடன் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டார். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாத இறுதியில் திரும்பினார். அந்த எட்டு மாதமும் அவர் வீட்டார் எப்படிப் பொறுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மகளை அனுப்பிய குடும்பத்துக்குக் கடலின் மௌனத்தோடு ஊரின் பேச்சும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பேச்சைப் பெற்றோரே தடுத்து நிறுத்த வேண்டும். அதை அவள் காதுவரை கொண்டுபோகக் கூடாது. ஜமாஅத்தாரும் உறவினரும் அக்குடும்பத்தின் நலம் விசாரித்து ஆறுதலாக நிற்கட்டும்.

மறுக்கப்படாத துஆக்களில் பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்பதும், பயணி கேட்பதும் அடங்கும் என்று ஹதீஸில் வருகிறது. கடற்படைக் குடும்பத்தில் இந்த இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கப்படுகின்றன. கடலில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாத்து, ஈமானோடும் நலமோடும் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.