நெல்லின் இலைக்கருகலும் இரும்புச் சத்தும்

உத்திரமேரூரை அடுத்த ஏரிப் பாசனக் கிராமமொன்றில், சென்ற சம்பாப் பட்டத்தில், குடியானவர் ஒருவர் மஞ்சளித்து நின்ற தமது ஆந்திரா பொன்னிப் பயிரைக் காட்ட என்னை அழைத்திருந்தார். இரும்புச் சத்துக் குறைவென்று எண்ணி அவர் இருமுறை அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்திருந்தார். குணம் ஒன்றும் தோன்றவில்லை. இலையொன்றைத் துண்டித்து, தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் அதன் வெட்டுவாய் அமிழும்படி வைத்தோம். சில நிமிஷங்களில் பால் போன்ற இழை நீரில் இறங்கிற்று. பயிரைப் பிடித்திருந்தது பாக்டீரியா இலைக்கருகல் நோய்.

இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்குவோர் அநேகர். இரும்புக் குறைவானால் இளந்தளிர்களில் நரம்புகளின் இடைப்பகுதி வெளுக்கும். மேட்டு நாற்றங்காலிலும் நீர் நில்லாத களர்ப்பாங்கான நிலத்திலும் இது மிகுதி. கருகல் நோயோ இலையின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி, அலை போன்ற விளிம்புடன் கீழிறங்கி, வைக்கோல் நிறமாக உலர்த்திவிடும்.

ஆயினும் இந்நோய்க்கும் இரும்புக்கும் தொடர்பில்லை என்று சொல்வதற்கில்லை. கிருமிக்கும் உயிர்வாழ இரும்பு வேண்டும். அது இலையோரத்து நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து, பயிரின் நீர்க்குழாய்களில் பெருகி, அங்கிருந்தே இரும்பைக் கவர்கிறது. இரும்பைப் பற்றி இழுக்கும் சிடரோபோர் என்னும் பொருளைச் சுரப்பது பல கிருமிகளின் வழக்கம். ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் ரமேஷ் சோந்தி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதில் ஒரு வியப்பைக் காட்டிற்று. நெற்கிருமியின் சிடரோபோரை அழித்தும் அதன் கொடுமை குறையவில்லை. கரையும் நிலையிலுள்ள இரும்பை உள்ளே விடும் வாயில் போன்ற ‘ஃபியோ-பி’ என்ற புரதத்தைக் கெடுத்தபோதோ, கிருமி மிகவும் நலிந்தது. சேறும் நீரும் நிற்கும் வயலில் பிராணவாயு குன்றுவதால், மண்ணிலுள்ள துருப்போன்ற இரும்பு கரையும் நிலைக்கு மாறுகிறது. நெல் அதையே உறிஞ்சவல்லது. கோசில் கருமை அழுகலை உண்டாக்கும் இனக்கிருமிக்கோ சிடரோபோரே துணையென்று ஹைதராபாத்தில் 2017-இல் கண்டனர்.

அங்ஙனமாயின் பயிருக்கு இரும்பே கூடாதென்று முடிவு செய்வது பிழை. இரும்பின்றிப் பச்சையம் உண்டாகாது; நீர் நின்ற மண்ணிலிருந்து அதை விலக்கவும் இயலாது. அன்னபேதியைக் குறைவுள்ள இடத்தில் மட்டும் தெளிக்க. கருகலுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

ஆந்திரா பொன்னி பயிரிடுவோர், எதிர்ப்பு மரபணுக்கள் மூன்றைச் சேர்த்து 2008-இல் வெளியிடப்பட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியை நாடலாம். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளுதல் கிருமிக்குக் கதவு திறப்பதாகும். யூரியாவைப் பிரித்து இடவேண்டும். நோய் தோன்றிய உடனும், மறுபடி பதினைந்து நாள் கழித்தும், 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்கலாம்.

இங்கு வயலுக்கு வயல் நீர் பாய்வதால், மேல்மடைக்காரரின் நோய் கடைமடைக்காரரின் பயிருக்கும் போய்ச் சேருகிறது. நோயுற்ற வயலின் நீரை வடிகாலில் விடுவித்து, அடுத்த வயலுக்கு வேறு வழி நீர் விடும்படி நீர்க்கட்டியிடம் கிராம அதிகாரிகளே நேரில் சொல்லவேண்டும்.