கருவிக்கும் உண்டா நிறபேதம்?

கரோனா காலத்தில் நம் வீடுகள் பலவற்றில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு கருவியும் இடம்பிடித்தது. பெயர் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். விரல் நுனியைக் கவ்விக்கொண்டு சில நொடிகளில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவை 97, 98 என்று எண்ணாகக் காட்டும். 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்கும் மனப்பாடமாக இருந்தது. ஆனால், அந்த எண் எல்லா விரல்களுக்கும் ஒரே மாதிரி உண்மை சொல்வதில்லை.

இடையூறில் பிறந்த கருவி

ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் டகுவோ அயோயகி, காதுமடல் வழியே ஒளியைச் செலுத்தி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தை அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கிட்டு அளவீட்டைக் குலைத்தது. அதை நீக்க வழி தேடும்போதுதான் அவருக்குப் பிடிபட்டது: துடிப்பது தமனி ரத்தம், அந்தத் துடிப்பை மட்டும் பிரித்தெடுத்தால் ரத்தத்தின் ஆக்ஸிஜனை ஊசி குத்தாமலே அளந்துவிடலாம். 1974-இல் இதை அறிவித்தார்.

கருவி இரண்டு ஒளிகளைப் பாய்ச்சுகிறது: சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்ஸிஜனை இழந்தது சிவப்பை அதிகம் உறிஞ்சும். இந்த விகிதத்தைச் சதவீதமாக மாற்ற ஓர் அளவுகோல் வேண்டும். ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கவைத்து, அவர்களுடைய தமனி ரத்தத்தைச் சோதித்து அதை உருவாக்குகிறார்கள். அந்தத் தன்னார்வலர்களில் வெளிர்நிறத் தோலுடையவர்களே மிகுதி. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சத்தமில்லாத மூச்சுத்திணறல்

கரோனா வைரஸ் தன் கூர்முனைப் புரதத்தால், நம் செல்களின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருளைச் சுரக்கும் செல்களும் அதற்கு இரையாகின்றன. ரத்தத்தில் ஆக்ஸிஜன் சேர்வது குறைகிறது. கார்பன் டை ஆக்சைடோ பெரும்பாலும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. நமக்கு மூச்சுமுட்டலை உணர்த்துவதில் கார்பன் டை ஆக்சைடின் தேக்கத்துக்கே பெரும்பங்கு. அதனால் ஆக்ஸிஜன் சரிந்த பிறகும் நோயாளி இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் ஆபத்தைச் சொல்ல விரலில் மாட்டிய கருவியை விட்டால் வேறு துணை இல்லை.

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளையில், ரத்தப் பரிசோதனையில் 88-க்கும் கீழே இருந்த அளவீடுகள் வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதம், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம். தோலின் மெலனின் நிறமியும் ஒளியை உறிஞ்சுவதால் கணக்கு பிசகுகிறது. இப்படிப் பிசகும் என்று 1990-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லியிருந்தது. முப்பது ஆண்டுகள் அது காதில் விழவில்லை.

திரைக்குப் பின்னால் நின்று

இது இயற்பியலோடு முடிகிற சங்கதி அல்ல, நீதி பற்றிய கேள்வியும்கூட. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் சிறுவனாக இருந்தபோது, அவரிடமிருந்து தொற்றிய நோய்களால் அவருடைய தம்பிகள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒருவருக்குத் தொண்டை அடைப்பான், இன்னொருவருக்கு நிமோனியா. ஒருவர் பிழைப்பதும் மற்றவர் மடிவதும் அவரவர் தகுதியால் அல்ல என்பதைச் சின்ன வயதிலேயே கண்டவர் அவர். 1971-இல் வெளிவந்த ‘நீதிக் கோட்பாடு’ நூலில் ஒரு சோதனையை முன்வைத்தார்: நீங்கள் எந்த இனத்தில், எந்த நிலையில் பிறப்பீர்கள் என்பதே தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று சமூகத்தின் விதிகளை வகுங்கள், அவையே நியாயமான விதிகள்.

தன் தோல் என்ன நிறமாக இருக்கும் என்று தெரியாத பொறியாளர், பெரும்பாலும் ஒரே நிறத்து விரல்களில் சோதித்துவிட்டு இந்தக் கருவியைச் சந்தைக்கு அனுப்பியிருக்க மாட்டார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பத்துப் பேரைச் சோதித்தால் அடர்நிறத் தோலுடையவர் இருவர் இருந்தாலே போதும். 2025 ஜனவரியில் அது வெளியிட்ட வரைவோ, பலவகைத் தோல்நிறம் கொண்ட 150 பேரையாவது சோதிக்கச் சொல்கிறது. தாமதமானாலும் சரியான திருத்தம்.

கருவியைத் தூக்கியெறிய வேண்டாம். அது காத்த உயிர்கள் ஏராளம். ஒற்றை எண்ணை நம்பாமல், எண் இறங்கிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு, கை குளிர்ந்திருந்தால் சூடேற்றிய பிறகு மாட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ, எண் நன்றாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். நம் மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்குவோர், விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்கட்டும்: எந்தெந்த நிறத்து விரல்களில் இதைச் சோதித்தீர்கள்?