உங்க வைஃபையில் எட்டாவது ஆள் யாரு?

போன மாசம் ஒரு சனிக்கிழமை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் 1-ஆம் நம்பர் பஸ் பிடிச்சு ஸ்ரீரங்கம் போனேன். சித்திரை வீதியில் தாத்தா வீடு. காபி வர்றதுக்கு முன்னாடியே கம்ப்ளெயின்ட் வந்தது.

"நெட்டு நத்தை மாதிரி ஊர்றதுடா. பக்கத்து வீட்டுப் பையன் நம்ம லைன்லதான் படம் பார்க்கிறான் போலிருக்கு. நீ இன்ஜினியரிங்தானே படிக்கிறே, கண்டுபிடி."

அந்தப் பகுதி வீடுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். திண்ணையில் உட்கார்ந்து போனைத் திறந்தா பதினைஞ்சு வைஃபை பேர் வரும். நம்ம சிக்னலும் அதே மாதிரி அடுத்த வீட்டு ஹாலுக்குள்ளே போகும். சந்தேகம் வர்றது சகஜம். ஆனா சந்தேகத்தைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கு. நீங்களும் உங்க வீட்டில் செய்யலாம், அரை மணி நேரம் போதும்.

முதல் வேலை பேப்பரில்தான். வீட்டில் வைஃபையில் இருக்கிற எல்லாத்தையும் எழுதுங்க. தாத்தா போன், பாட்டி போன், என் போன், என் லேப்டாப், டிவி, வாசல் கேமரா, மாமா விட்டுட்டுப் போன டேப்லெட். எங்க கணக்கு ஏழு.

ரெண்டாவது, ரவுட்டருக்குள்ளே போறது. போனில் வைஃபை செட்டிங்ஸில் நீங்க இணைஞ்சிருக்கிற நெட்வொர்க்கைத் தொட்டா 'கேட்வே'ன்னு ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை பிரவுசரில் அடிச்சா லாகின் பக்கம் வரும். பாஸ்வேர்டு ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'வயர்லெஸ் கிளையன்ட்ஸ்'னு ஒரு பட்டியல் இருக்கும். இதில் ஒரு எச்சரிக்கை: 'டிஹெச்சிபி' பட்டியலை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. காலையில் வந்துட்டுப் போன விருந்தாளியின் போன் கூட அதில் சில மணி நேரம் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

எங்க பட்டியலில் எட்டு. ஏழுக்கு ஆள் தெரிஞ்சது. எட்டாவதுக்குப் பெயரே இல்லை, வெறும் மேக் முகவரி மட்டும். தாத்தா சட்டையை மாட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிட்டார். "கொஞ்சம் இருங்க தாத்தா"ன்னு உட்கார வச்சேன்.

மேக் முகவரிங்கிறது ஒவ்வொரு கருவியின் வைஃபை சிப்புக்கும் இருக்கிற 12 எழுத்து அடையாளம். முதல் 6 எழுத்து தயாரிப்பாளரைச் சொல்லும். அதை நெட்டில் தேடினா எந்தக் கம்பெனின்னு தெரிஞ்சிடும். டிவியையும் கேமராவையும் நான் இப்படித்தான் கண்டுபிடிச்சேன். ஆனா எட்டாவதுக்கு எந்தக் கம்பெனியும் வரலை.

காரணம் இதுதான். ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் போன்கள் தங்களோட உண்மையான மேக் முகவரியைக் காட்டாம, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி முகவரியை உருவாக்கிக் கொடுக்கின்றன. கடைகளும் விளம்பரக்காரர்களும் நம்மைப் பின்தொடரக் கூடாதுங்கிறதுக்காக வந்த ஏற்பாடு. கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளம் இருக்கு: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6 அல்லது ஆங்கில எழுத்துகளான ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தா, அது கம்பெனி போட்ட முகவரி இல்லை, பெரும்பாலும் போன் தானே உருவாக்கியது. எட்டாவதில் இருந்தது ஈ. அப்போ அது ஏதோ ஒரு புது மாடல் போன். அடுத்த வீட்டுப் பையனுடையதாகவும் இருக்கலாம், எங்களுடையதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வேலை, பிளாக் பண்றது. பட்டியலில் அந்தக் கருவிக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் 'பிளாக்' பட்டன் இருக்கும், எப்ப வேணும்னாலும் திரும்ப எடுத்துடலாம். அழுத்திட்டுக் காத்திருந்தோம். ரெண்டு நிமிஷத்தில் பூஜை ரூமிலிருந்து பாட்டி குரல்:

"ஏன்டா, சகஸ்ரநாமம் பாதியில நின்னு போச்சு?"

சிம் இல்லாத பழைய போன். சாமி அலமாரியில் சாய்ச்சு வச்சு தினமும் யூட்யூபில் பாட்டு போடுவாங்களாம். எங்க கணக்கில் அது வரவே இல்லை. ஸ்லோவுக்குக் காரணமும் வேற: ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னாடி இருந்தது. போதாததுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூணே மூணுதான். பதினைஞ்சு வீடு அந்த மூணைப் பங்கு போட்டா இப்படித்தான் இருக்கும். ரவுட்டரை ஜன்னல் மேடைக்கு மாத்தி, டிவியை 5 கிகாஹெர்ட்ஸில் போட்டதும் சரியாச்சு. தாத்தா சட்டையைக் கழற்றி மாட்டினார்.

சரி, திருட்டு இல்லைன்னா அப்படியே விட்டுடலாமான்னு கேட்டா, கூடாது. டேட்டா போறது சின்ன விஷயம். பெரிய விஷயத்துக்கு 2008-க்குப் போகணும்.

அந்த வருஷம் ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு, 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிக்கச் சில நிமிடங்கள் முன்பு செய்தி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. அதன் ஐபி முகவரியைப் பிடிச்சுப் போன போலீஸ் நின்ற இடம் நவி மும்பை சான்பாடாவில் ஒரு ஃபிளாட். அங்கே குடியிருந்த அமெரிக்கரை விசாரித்தார்கள், அவருடைய கம்ப்யூட்டரை எடுத்துப் போனார்கள். மின்னஞ்சலை அனுப்பியது அவர் இல்லை, அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதே செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்புக்கான மின்னஞ்சலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகப் போனது.

உங்க வீட்டில் எட்டு கருவி இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்தா ஒரே ஐபிதான் தெரியும், அது கனெக்‌ஷன் யார் பேரில் இருக்கோ அவர் பேருக்குப் போகும். எங்க வீட்டில் அது தாத்தா பேர். அந்த அமெரிக்கர் மேல் சந்தேகம் வந்தது ஒரு ஐபியை வச்சு. அடுத்த வீட்டுப் பையன் மேல் வரவிருந்தது ஒரு மேக் முகவரியை வச்சு. ரெண்டும் கருவியையும் கனெக்‌ஷனையும் காட்டும், ஆளைக் காட்டாது. அதனால கதவையும் பூட்டணும், பூட்டும் முன்னாடி யாரையும் திருடன்னு சொல்லவும் கூடாது.

பூட்டுறது எப்படி?

பாஸ்வேர்டு: தாத்தா வச்சிருந்தது தன்னோட மொபைல் நம்பர். தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும்! தெரியாதவனுக்கும் கஷ்டமில்லை. 6 முதல் 9 வரையில் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. உங்க போன் ரவுட்டரோடு இணையும் நொடியில் காற்றில் போகும் தகவலைப் பிடிச்சு வச்சுக்கிட்டா, மீதியை ஒருத்தர் தன் வீட்டிலேயே முயற்சி பண்ணலாம். நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பல லட்சம் முயற்சி செய்யும். சில மணி நேரத்தில் முடிஞ்சிடும். சம்பந்தமில்லாத நாலஞ்சு தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்க. 63 எழுத்து வரை இடம் இருக்கு.

டபிள்யூபிஎஸ்: ஆஃப் பண்ணுங்க. அதன் 8 இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் ரெண்டு பாதியா சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைக்கலாம்னு 2011-லேயே தெரிஞ்சு போச்சு.

பாதுகாப்பு முறை: டபிள்யூபிஏ3 இருந்தா அது, இல்லைன்னா டபிள்யூபிஏ2. ஸ்டிக்கரில் இருக்கிற அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க.

விருந்தாளிகளுக்கு: 'கெஸ்ட் நெட்வொர்க்'. வைகுண்ட ஏகாதசிக்கு வர்ற இருபது சொந்தக்காரங்களுக்கு அதைக் கொடுங்க, அவங்க ஊருக்குப் போனதும் ஆஃப் பண்ணிடுங்க.

இன்னொண்ணு, நம்ம காலேஜ் மக்களுக்கு: இதெல்லாம் உங்க சொந்த ரவுட்டரில் மட்டும். அனுமதியில்லாம அடுத்தவர் நெட்வொர்க்குக்குள்ளே போறது 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி குற்றமாகலாம், மூணு வருஷம் வரை ஜெயில்.

பாஸ்வேர்டு மாத்தினதும் வீட்டில் எல்லாக் கருவியும் வெளியே வந்துடும், திரும்ப ஒவ்வொண்ணா சேர்க்கணும். நான் முதலில் சேர்த்தது பூஜை ரூம் போனை. சகஸ்ரநாமம் மறுபடி ஆரம்பிச்ச பிறகுதான் எனக்குக் காபி கிடைச்சது.