கடைமடைக் கதைகள் – 9: ஒரு வேலிக் கோடு

கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் புகுந்துதான் கடலைத் தொடுகின்றன. காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. மேலே தண்ணீர் குறைந்தால் இங்கே பயிர் முதலில் காயும். விலை ஏறினால் இங்கே அடுப்பு முதலில் அணையும்.

1952இல் சென்னை மாநிலம் முழுக்க அரிசித் தட்டுப்பாடு. மழை தொடர்ந்து பொய்த்திருந்தது. ரேஷன் நடந்தது. நெல் விளையும் தஞ்சை ஜில்லாவிலிருந்து அரிசி மூட்டையை வெளியே கொண்டுபோனால் கடத்தல். அந்த ஏப்ரலில்தான் ராஜாஜி முதல்வரானார். சட்டமன்றத்தில் காங்கிரஸுக்கு 375க்கு 152 இடங்களே. யாரையும் பகைக்காமல் காலத்தை ஓட்ட வேண்டிய ஆட்சி. அவரோ ஜூனிலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். பதுக்கல்காரர்கள் ஊரைக் கொள்ளையடிப்பார்கள் என்ற எச்சரிக்கைக்கு அவர் அசையவில்லை. பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது.

அடுத்தது இதைவிடக் கடினமான காரியம். அன்றைய களத்தைப் பாருங்கள். தூற்றி முடித்த பொலியை, முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்று சொல்லி அளக்கத் தொடங்குவார்கள். அளந்த நெல் மிராசுதாரின் பத்தாயத்துக்குப் போன பிறகு, கருக்காய் கலந்த மிச்சம் பண்ணையாள் வீட்டுப் பெண்ணின் முந்தானைக்கு வரும். கேள்வி கேட்டால் சவுக்கடி, சாணிப்பால். இதை எதிர்த்துத்தான் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவும் தோழர்களும் சங்கம் கட்டினார்கள்.

கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று அறிவித்தவர் ராஜாஜி. அவரே ஆகஸ்டில் தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைதாரருக்கு. குத்தகைக்கு ஐந்தாண்டு உறுதி. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது. மிராசுதார்களில் பலர் அவருடைய கட்சிக்காரர்கள். சொந்தக் கட்சிக்காரர்களின் களத்தில் கை வைத்ததால்தான் இதைத் துணிச்சல் என்கிறேன்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு கோடு இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலி, அதாவது 20 மா, நிலத்துக்கு மேல் இல்லாதவரைச் சட்டம் தொடாது. சிறு மிராசுதாருக்கும் கஷ்டம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் உழைத்தவனின் வயிறு மட்டும் சிறியதா? இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. பாதுகாப்பு, ஒரே மிராசுதாரிடம் நிரந்தரமாக உழைத்த பண்ணையாளுக்குத்தான், தினக்கூலிக்கு இல்லை. பண்ணையாள் முறையே மெல்ல மறைந்து, கடைமடை முழுக்கத் தினக்கூலியானது.

நெருக்கடிக் காலத்தில் சமரசமே கூடாது என்று சொல்ல மாட்டேன். அதன் விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதே என் கேள்வி. இங்கே அது நிலமில்லாதவன் தலையில் விழுந்தது. கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது. தினக்கூலிக்கான அந்தப் பாதுகாப்பை 1952லேயே கொடுத்திருக்க வேண்டும்.

(தொடரும்)