அம்மம்மா கனடாவுக்குப் போன பிறகு
(நகரத்துத் தாய்மார் – 9)

யாழ்ப்பாணத்திலே உத்தியோகம் பார்க்கும் பெண்ணொருத்தி பிள்ளை பெற்று, பேறுகால விடுமுறையும் முடிந்து, பள்ளிக்கூடத்துக்கோ கந்தோருக்கோ வங்கிக்கோ மறுபடியும் புறப்பட வேண்டிய நாள் நெருங்குகையில், சுற்றத்தாரும் அயலாரும் உடன் வேலை செய்வோரும் அவளிடம் தவறாமல் வினவுவது, "பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்பதையே. எங்கள் தாய்மார் படிப்பிக்கப் போன காலத்தில் இந்த வினாவை எழுப்புவார் அரிது; ஏனெனில் அதற்குரிய விடை அடுப்படியிலே சரக்கு அரைத்துக்கொண்டோ, முற்றத்திலே ஏணைச் சீலையைக் காயப்போட்டுக்கொண்டோ எல்லோர் கண்ணுக்கும் பிரத்தியட்சமாக நின்றது. அம்மம்மா இருந்தாள். இத்தொடரின் சென்ற பகுதிகளில் பிரசவத்தையும் பாலூட்டலையும் பற்றிச் சொல்லிவந்தபோது இந்த ஒன்றைத் தொடாமல் வைத்திருந்தமைக்குக் காரணம், இதற்கு ஒரு வாரம் முழுவதும் வேண்டியிருந்தமையே.

அம்மம்மா அங்கே நின்றது தற்செயலாக நேர்ந்ததன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே, 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் உத்தியோகத்தரைக் கொண்டு தொகுத்தெழுதப்பட்ட தேசவழமை பெண்ணின் சீதனத்துக்கு விரிவான இடம் கொடுத்திருக்கிறது. அந்தச் சீதனத்திலே வீடும் வளவும் அடங்கியிருந்தமையால், கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்கு வந்து, அவளுடைய தாயின் வீட்டிலோ, அதே வளவைப் பிரித்துக் கட்டிய அயல் வீட்டிலோ குடியிருப்பது குடாநாட்டிலே பெருவழக்காயிற்று. சீதனத்தினால் கடன்பட்டுக் கெட்ட தகப்பன்மாரையும், கலியாணமாகாமல் தலை நரைத்த பெண்களையும் நான் அறிவேன். அவ்வழக்கத்தைப் போற்றுவது என் கருத்தன்று. ஆயினும், பிள்ளை பெற்ற மகளும் பிள்ளை வளர்த்த தாயும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளும்படி வாழ்க்கையை அமைத்து வைத்த உபகாரத்தை அந்த வழக்கம் எங்கள் சிசுக்களுக்குச் செய்தது என்பதை மறைப்பது நியாயமாகாது.

அந்த உபகாரம் எத்தகையது என்பதைச் சற்று விரித்தே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எந்தக் கணக்கேட்டிலும் அது பதியப்பட்டதில்லை. துடக்குக் கழியும் 31 ஆம் நாள் வரையில் பிள்ளைபெற்றவளுக்குச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைப்பதும், பால் சுரக்கட்டும் என்று சுறா வாங்கி வறை வறுத்துக் கொடுப்பதும், பழஞ் சீலையால் ஏணை கட்டுவதும், நாவூறு கழிப்பதும் எல்லாரும் அறிந்தவை. அவற்றிலும் பெரிய காரியம், மகள் உத்தியோகத்துக்குத் திரும்பிய பின்னரே தொடங்கியது. காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன் மகள் போய்விட்டால், பிற்பகல் ஒன்றரைக்கு அது கலைந்து அவள் வீடு வரும் வரையில், பிள்ளையின் பசியும் தூக்கமும் காய்ச்சலும் அழுகையும் அந்த மூதாட்டி ஒருத்தியின் பொறுப்பிலேயே இருந்தன. முதற் பல் தோன்றியதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்து அயலாரை அழைத்தவளும் அவளே. அவளுக்கும் ஒரு துணை இருந்தது. வளவுக்கும் வளவுக்கும் நடுவே கிடுகு வேலியும், அந்த வேலியிலே ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டும் இருந்த அக்காலத்தில், அம்மம்மா சந்தைக்கோ கோயிலுக்கோ போக வேண்டியிருந்தால், "பிள்ளையை ஒருக்கால் பிடி மோனை" என்று அந்தப் பொட்டாலே பிள்ளையை நீட்டினால் வாங்குவதற்கு அங்கே இரண்டு கைகள் இருந்தன. இப்போது அநேக ஒழுங்கைகளில் வேலி போய் ஆளுயர மதில் வந்துவிட்டது. மதில் கள்வரைத் தடுக்கிறது என்பது மெய். அதிலே பொட்டு வைக்க முடியாதென்பதும் மெய்.

இன்னொரு விஷயமும் என் சிந்தையை வருத்துவது. இக் குடாநாட்டிலே பெண்களின் பொருட்டு எழுந்த ஸ்தாபனங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் பெருமிதமே தோன்றும். உடுவிலிலே பெண்கள் தங்கிப் படிக்கும் பாடசாலை 1824 இல் தொடங்கியது; மானிப்பாயில் வைத்தியம் செய்தும் கற்பித்தும் வந்த சாமுவேல் கிறீன், மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்க முனைந்தபோது பிரசவ வைத்தியத்துக்கும் இடம் கொடுத்தார்; இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை 1898 இல் எழுந்தது; இராமநாதன் துரை 1913 இல் மருதனார்மடத்திலே சைவப் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி அமைத்தார். இன்று கர்ப்பிணியின் வீடு தேடிக் குடும்பநல உத்தியோகத்தர் வருகிறார். கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துத் தடுப்பூசி போட்டு, அதன் நிறையை வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியிட்டுக் காட்டுகிறார்கள். மூன்று வயதானால் முன்பள்ளி இருக்கிறது. பெண் பிறப்பதற்கும் படிப்பதற்கும் பிள்ளை பெறுவதற்கும் ஏதோ ஒரு கட்டடத்தை எழுப்பி வைத்த சமூகம், படித்த அதே பெண் உத்தியோகத்துக்குப் போகையில் அவள் பிள்ளையின் மூன்றாம் மாதத்துக்கும் மூன்றாம் வயதுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டும் ஒன்றையும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய அவசியம் தோன்றவில்லை, அம்மம்மா இருந்தாள். கூலி கேளாத ஒருத்தியின் உழைப்பின்மேல் ஒரு நூற்றாண்டு காலப் பெண் கல்வியின் பயன் முழுவதும் தங்கியிருந்ததை எவரும் எடுத்துச் சொல்லவுமில்லை.

அவள் போகும் காலமும் வந்தது. 1983 ஆடிக் கலவரத்துக்குப் பின்னரும், 1995 ஐப்பசியிலே ஒரே இரவில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த இடப்பெயர்வுக்குப் பின்னரும், குடாநாட்டுக் குடும்பங்கள் சிதறிய கதை வாசகர் அறியாததன்று. மூத்த மகள் ஸ்காபரோவிலும், மகன் லண்டனிலும், இளைய மகள் கோண்டாவிலிலுமாக ஒரு தாயின் பிள்ளைகள் மூன்று தேசங்களில் இருக்க, மூத்தவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதென்றால், பிள்ளைப்பேறு பார்க்க அம்மா அங்கே போவாள். போகத்தான் வேண்டும். பனி கொட்டும் தேசத்தில், இரண்டு சம்பளமின்றி வீட்டுக் கடன் கட்டவியலாத நிலையிலுள்ள மகளின் சங்கடமும் சங்கடமே. கனடா அரசு 2011 இன் இறுதியிலே தொடக்கிய சுப்பர் விசாவினால் பெற்றோர் ஒரே பயணத்தில் இரண்டு ஆண்டு வரையில் தங்கலாமென்றிருந்தது. 2022 இல் அது ஐந்து ஆண்டாக்கப்பட்டது. ஐந்து ஆண்டென்பது ஒரு பிள்ளை பிறந்து, நடந்து, பேசி, பள்ளிக்கூடம் புகும் காலம். அத்தனை காலமும் ஸ்காபரோவில் ஒரு சிசு அம்மம்மாவின் மடியில் வளர, கோண்டாவிலில் இன்னொரு சிசுவுக்கு அம்மம்மா ஒரு கைபேசித் திரையிலே தோன்றும் முகமாக இருக்கிறாள். இதிலே எவரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அக்காளும் தங்கையும் இதன் பொருட்டு மனத்தாங்கல் கொண்டு பேசாதிருப்பதைக் காணும்போது மாத்திரம் நெஞ்சு நோகிறது.

எங்கள் ஒழுங்கையிலே இளம் ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த நியமனம் நெடுந்தீவிலே. விடியுமுன் எழுந்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, மீதியைப் பிழிந்து போத்தலில் எடுத்து வைத்து, பண்ணைப் பாலம் கடந்து வேலணையும் புங்குடுதீவும் தாண்டிக் குறிகட்டுவான் துறை வரையில் பஸ்ஸிலும், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகிலும் பிரயாணம் செய்து அவள் வகுப்பறையை அடைகிறாள். கடல் கொந்தளித்துப் படகு ஓடாதென்றால், தீவிலேயே தங்க நேரும். அப்படித் தங்கிய ஓர் இரவு, மார்பு கட்டிக் காய்ச்சல் கண்டு, சுவரோடு சாய்ந்திருந்து விடிய விடியப் பாலைப் பிழிந்து ஊற்றியதை அவள் எனக்குச் சொன்னபோது, "பால் வீணாப் போச்சே அக்கா" என்றுதான் அழுதாளே ஒழிய, தன் நோவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிள்ளை அன்றிரவு கணவனின் தோளிலே கிடந்து மாப்பால் குடித்தது. கனடாவிலிருந்து அவளுடைய தாய் அழைப்பில் வந்து, "அவனை நெஞ்சோடை போட்டுத் தட்டுங்கோ தம்பி, பிள்ளை படுத்திடும்" என்று மருமகனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

சட்டம் இவளுக்கு உதவவில்லையா என்று கேட்பீர்கள். அரச ஊழியையாதலால் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாளும், அதன்மேல் அரைச் சம்பளத்துடன் 84 நாளும், சம்பளமின்றி மேலும் 84 நாளும் அவளுக்கு உண்டு. தனியார் கடையிலும் கந்தோரிலும் வேலை செய்பவளுக்கோ 84 நாளோடு சரி. அதுவும் மூன்றாம் பிள்ளையென்றால் பாதியாக, 42 நாளாகக் குறைக்கப்பட்டிருந்த அநியாயம் 2018 இன் திருத்தத்தினாலேயே நீங்கிற்று. ஆறு மாதம் முடியும் வரையில் தாய்ப்பாலன்றி வேறொன்றும் கொடுக்காதே என்று கிளினிக்கில் சொல்லும் அரசாங்கமும், நான்காம் மாதம் முடியுமுன் முழுச் சம்பளத்தை நிறுத்தும் அரசாங்கமும் ஒன்றே என்பதை நினைக்கையில், அந்த இரண்டு திணைக்களங்களும் ஒரு முறையேனும் ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருக்கலாகாதா என்று தோன்றுகிறது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளிக்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன: வேலைத்தலத்திலே குழந்தைக் காப்பகம் இருந்தால் தலைக்கு அரை மணி, இல்லாவிடில் ஒரு மணி. விதித்தவர்களின் நோக்கம் உயர்ந்ததே. ஆனால், காப்பகமும் இல்லாமல் வீடும் பக்கத்திலே இல்லாமல் இருப்பவளுக்கு அந்த ஒரு மணி நேரத்திலே செய்யக்கூடியது, ஒரு மூலையில் மறைந்திருந்து பாலைப் பிழிவதன்றி வேறென்ன?

பிழிந்த பாலைப் பேணுவதும் எளிதன்று. 25 பாகை செல்சியஸுக்கு மேற்படாத அறையில் நான்கு மணி நேரம் வரையிலும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரையிலும் வைக்கலாமென்பது வைத்திய நூல்களின் அளவு. யாழ்ப்பாணத்து நண்பகல் வருஷத்தின் எந்த மாதத்தில் 25 பாகையோடு நிற்கிறது? 2022 பங்குனியின் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்சாரம் நின்றபோது, பெட்டியிலிருந்த பாலை ஊற்றிவிட்டு, பால்மாவுக்குக் கடைவாசலிலே வரிசை நின்று, அதுவும் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய தாய்மாரை இந்நகரத்துத் தெருக்கள் கண்டிருக்கின்றன. மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில், ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கின் வெளிச்சத்திலே எங்களை வளர்த்தவர்களுக்கு இது புதிதன்று. அவர்களிடம் குளிர்சாதனப் பெட்டி இருக்கவில்லை, அம்மம்மா இருந்தாள்.

ஆகையினால், இன்று தாய்மார் எதைச் செய்கிறார்கள்? சிலர் சம்பளத்தின் பெரும் பங்கைக் கொடுத்து ஓர் ஆளை வைக்கிறார்கள். அந்த ஆளோ, பெரும்பாலும், தன் பிள்ளையைத் தன் தாயிடமோ மூத்த பெண்ணிடமோ விட்டுவிட்டு வரும் இன்னொரு தாய். அவளுக்கு விடுமுறையுமில்லை, ஓய்வூதியமுமில்லை; அவளைப் பற்றித் தனியே ஒரு பகுதி எழுதாமல் இத்தொடரை முடிக்கமாட்டேன். சிலர் நகரத்திலே அங்குமிங்கும் தோன்றியிருக்கும் டே கெயார்களில் விடுகிறார்கள். அவற்றுள் அன்போடு நடப்பவையும் உண்டு, ஒரே அறையில் அளவுக்கு மீறிய பிள்ளைகளை அடைத்து வைப்பவையும் உண்டு; நான் பார்க்கப் போன ஓரிடத்தில், கைக்குழந்தைகள் படுக்கும் அறைக்குச் சன்னலே இருக்கவில்லை. துணிக்கடையிலும் பல்பொருள் அங்காடியிலும் நாள் முழுவதும் நின்றபடி வேலை செய்யும் பெண்ணுக்கு இந்த இரண்டும் எட்டாதவை. அவள் வேலையை விட்டுவிடுகிறாள். அவள் விட்டதை எவரும் பேசுவதில்லை. கடைக்கு அடுத்த கிழமை வேறொரு பெண் வருகிறாள்.

என் அபிப்பிராயம் இது. அம்மம்மாவைத் திருப்பி அழைக்க முடியாது, அழைப்பது தர்மமுமன்று. எழுபது வயதிலே அவளுக்கும் ஓய்வு வேண்டும். அவள் செய்த காரியத்தை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணம் பெரிய நகரமன்று, இங்கே உத்தியோகத் தலங்கள் சில இடங்களிலேயே திரண்டு கிடக்கின்றன: கண்டி வீதியிலே கச்சேரியும் அதைச் சூழ்ந்த திணைக்களங்களும், ஆஸ்பத்திரி வீதியிலே வங்கிகளும் பெரியாஸ்பத்திரியும், திருநெல்வேலியிலே பல்கலைக்கழகம். இவ்விடங்கள் ஒவ்வொன்றிலும், காற்றும் வெளிச்சமும் உள்ள ஒரு காப்பகம் இருந்தால், சட்டம் சொல்லும் அந்த அரை மணி நேரம் உண்மையிலேயே பாலூட்டும் நேரமாகும். தனித்தனியே ஒவ்வொரு வங்கியும் கட்டுவது வீண் செலவு. பல வங்கிகள் பங்கு போட்டு ஒன்றைக் கட்டலாம், பக்கத்துக் கடைகளில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்கும் அதிலே இடம் கொடுக்கலாம், மாநகரசபை அதனைப் பரிசோதிக்கலாம். தாதியராகவும் ஆசிரியைகளாகவும் இருந்து இளைப்பாறி, பிள்ளைகள் யாவரும் பிறநாட்டிலிருக்கத் தனியே வாழும் பெண்கள் இந்நகரத்தில் அநேகர். அவர்களுட் சிலராவது தகுந்த வேதனத்துக்கு இப்பணிக்கு வர இசைவார்களென்பது, அவர்களோடு பேசிப் பழகியதனால் நான் அறிந்தது. நெடுந்தீவு போன்ற இடங்களுக்கு நியமனம் கொடுப்பவர்கள், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரையிலாவது அந்தத் தாயை வீட்டுக்கு அண்மையான பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கலாம். அதற்குக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை, ஒரு கடிதம் போதும்.

அடுத்த வாரம், ஆறாம் மாதத்திலே முதற் சோறு தீத்துவதைப் பற்றியும், குரக்கன் கஞ்சிக்கும் பெட்டியில் விற்கும் மாவுக்கும் இடையே தாய்மார் படும் தடுமாற்றத்தைப் பற்றியும் எழுதுவேன்.

(தொடரும்)