கூடுதல் பாடம் எடுக்கிறது எப்படி, விடுறது எப்போ?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்ன ஃபார்ம் பத்திப் பேசப்போறோம். ரெண்டு நிமிஷத்துல கையெழுத்து போட்டுடலாம். ஆனா அடுத்த நாலு மாசம் உங்க சாயங்காலம் எப்படிப் போகும்னு அந்த ஃபார்ம்தான் முடிவு பண்ணும்.

ஒரு பொண்ணை மனசுல வெச்சுக்கோங்க. வீடு திண்டிவனம். படிக்கிறது விழுப்புரம் காகுப்பத்துல இருக்கிற அண்ணா பல்கலைக்கழகத்தோட பொறியியல் கல்லூரியில. தினமும் போக சுமார் 40 கிலோமீட்டர், வர அதே 40. நல்லாப் படிக்கிற பொண்ணு. அஞ்சாவது செமஸ்டர் ஆரம்பிக்குது. "ஹானர்ஸ் எடுத்துடு, பிளேஸ்மென்ட்ல உதவும்"னு சீனியர் அக்கா சொல்றாங்க. எடுக்கலாமா?

முதல்ல ஹானர்ஸ்னா என்னன்னு பார்ப்போம். 2021 ரெகுலேஷன்படி, வழக்கமான பி.இ. பாடங்களுக்கு மேல, உங்க துறையிலேயே ஒரு குறிப்பிட்ட பிரிவுல குறைந்தது 18 கிரெடிட் கூடுதலா வாங்கணும். இந்தப் பிரிவைத்தான் 'வெர்டிகல்'னு சொல்றாங்க. வேற துறைப் பிரிவுல 18 கிரெடிட் எடுத்தா அது மைனர். ஹானர்ஸுக்கு சி.ஜி.பி.ஏ. 7.5-க்குக் குறையக் கூடாது. எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியிலேயே பாஸ் பண்ணியிருக்கணும். இதுக்கான பதிவு அஞ்சாவது செமஸ்டர்ல இருந்துதான்.

இப்போ கணக்குப் போடுவோம். வாரம் ஒரு பீரியட் லெக்சர்னா 1 கிரெடிட். ஒரு பாடம் 3 கிரெடிட்னு வெச்சா, 18 கிரெடிட்டுக்கு 6 பாடம். எட்டாவது செமஸ்டர் புராஜெக்ட்ல ஓடிடும். மீதி இருக்கிறது மூணு செமஸ்டர். ஆக, ஒரு செமஸ்டருக்கு ரெண்டு பாடம், வாரம் 6 பீரியட் கூடுதல். இந்த வகுப்பு பெரும்பாலும் டைம்டேபிள் ஓரத்துலதான் வந்து உட்காரும். ஹாஸ்டல் பையனுக்கு அது ஒரு மணி நேரம். நம்ம திண்டிவனம் பொண்ணுக்கு அது வழக்கமான ரயிலைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிற நேரமும் சேர்த்து. அசைன்மென்ட், இன்டர்னல் எல்லாம் அதுக்கு மேல.

இதுல கொஞ்சம் சுமை குறைக்க ஒரு வழி இருக்கு. அந்த 18-ல 6 கிரெடிட் வரைக்கும் ஸ்வயம் தளத்துல ஆன்லைனா எடுக்கலாம். அங்கே வர்ற என்.பி.டி.இ.எல். பாடங்கள்ல சேர்றதுக்குக் காசு கிடையாது. தேர்வு எழுதணும்னாதான் கட்டணம். 12 வாரப் பாடம்னா அசைன்மென்ட்டுக்கு 25, நேர்ல போய் எழுதுற தேர்வுக்கு 75 மதிப்பெண். ஆனா எந்தப் பாடத்தை ஏத்துக்குவாங்கன்னு துறையில கேட்டுட்டுத்தான் சேரணும். முடிச்சுட்டு வந்து கேட்டா, கையில சான்றிதழ் இருக்கும், கணக்குல கிரெடிட் இருக்காது.

சரி, எடுத்தாச்சு. முடியலைன்னா?

இங்கேதான் பல பேர் தப்பு பண்றாங்க. விடுறதுன்னா வகுப்புக்குப் போகாம இருக்கிறதுன்னு நினைக்கிறாங்க. அது கிடையாதுங்க. கூடுதலா பதிவு பண்ண பாடத்தை முறையா நீக்க செமஸ்டர் தொடங்கி 2 வாரம்தான் அவகாசம். அதுக்குள்ள எழுதிக் கொடுத்துட்டா, அந்தப் பாடம் உங்க கணக்குலேயே இல்லை. எழுதிக் கொடுக்காம ஒதுங்கிட்டா, பேர் ரெஜிஸ்டர்ல அப்படியே இருக்கும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போகும். தேர்வு எழுத விட மாட்டாங்க. ஆசைப்பட்டு எடுத்த பாடம் அரியர் மாதிரி கூடவே வரும்.

இன்னொண்ணும் கவனிங்க. இப்படி நீக்கலாம்னு சொல்றது நீங்களா கூடுதலா சேர்த்த பாடத்தை மட்டும்தான். பாடத்திட்டத்துல இருக்கிற கட்டாயப் பாடத்தைக் கஷ்டமா இருக்குன்னு கழட்டிவிட முடியாது.

ரெண்டு வாரம் தாண்டின பிறகு உடம்பு முடியலை, வீட்டுல எதிர்பாராத பிரச்சினைன்னா? அதுக்கு 'வித்ட்ராயல்'னு ஒரு ஏற்பாடு இருக்கு. வருகை சரியா இருந்து, தகுந்த காரணத்தோட தேர்வுக்கு முன்னாடியே விண்ணப்பிச்சா, அந்தத் தேர்வு எழுதாம விலகிக்கலாம். அது ஒரு முயற்சியா எண்ணப்படாது. ஆனா முழுப் படிப்புக்காலத்துலயும் ஒரே ஒரு செமஸ்டருக்குத்தான் இது கிடைக்கும். பாடம் ஓடவும் செய்யாது, பிறகு எழுதியே ஆகணும்.

இப்போ ஒரு நல்ல செய்தி. மூணு கூடுதல் பாடம் முடிச்சிட்டீங்க, அதுக்கு மேல முடியலை, ஹானர்ஸ் வேண்டாம்னு முடிவு பண்றீங்க. படிச்ச அந்த மூணும் வீண் இல்லை. பாடத்திட்டத்துல இருக்கிற புரொஃபஷனல் எலக்டிவுக்குப் பதிலா அதை எடுத்துக்குவாங்க. தேவைக்கு மேல இருந்தா, நல்ல கிரேடு வாங்கின பாடங்கள் சி.ஜி.பி.ஏ. கணக்குல சேரும். மீதி கிரேடு ஷீட்டில் அச்சாகும், கணக்குல வராது. அதனால நடுவுல நிறுத்துறதைத் தோல்வின்னு நினைச்சு, எல்லாப் பாடத்தையும் இழுத்துக்கிட்டு ஓட வேண்டாம்.

அந்த 2 வாரத்துல மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, ஃபைனல் டைம்டேபிள் வந்ததும் வீடு போய்ச் சேர எத்தனை மணி ஆகுதுன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. ரெண்டு, அந்த எலக்டிவுக்குப் போதுமான பேர் சேர்ந்திருக்காங்களா, யார் நடத்துறாங்கன்னு கேளுங்க. சின்னக் கல்லூரியில நாம விரும்புற பாடம் எல்லாமே நடக்கும்னு சொல்ல முடியாது. மூணு, நீக்கினா அதுக்கான கடித நகல்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க.

2021-க்குப் பிறகு புது ரெகுலேஷன்ல சேர்ந்தவங்க இந்த எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க. நீங்க சேர்ந்த ஆண்டோட ரெகுலேஷன் புத்தகத்தைத் திறந்து, துறை ஆலோசகர்கிட்ட உறுதிப்படுத்திக்கோங்க.

நம்ம திண்டிவனம் பொண்ணு என்ன செய்யலாம்? ரெண்டுக்குப் பதிலா ஒரு பாடத்தை வகுப்புல, ஒண்ணை ஆன்லைன்ல எடுக்கலாம். பத்தாவது நாள் உட்கார்ந்து யோசிக்கலாம். தூக்கம் குறையுதுன்னா பதினோராவது நாள் கடிதம் கொடுக்கலாம். மேடையில வாங்குற பட்டத்துல ஹானர்ஸ்னு ஒரு வார்த்தை சேர்ந்தா சந்தோஷம்தான். அந்த வார்த்தைக்காக மத்த பாடங்கள் அரியர் ஆச்சுன்னா, முதல் முயற்சி நிபந்தனையால அந்த வார்த்தையும் சேர்ந்தே போயிடும்.